முத்திரைக்குப் போன காப்பு

செட்டிகுளத்தில் மீராசாகிபுவின் வீட்டை வாங்கியபோது, அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய முத்திரைத் தீர்வைக்காக என் காப்பு இரண்டையும் விற்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கழற்றினேன். என்னைப் பெற்ற ஐயா அந்தத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பார்த்து, உறுதிப் பத்திரம் எழுதாமல் வாய்ப்பேச்சிலேயே வீடு வாங்கியவர். விற்றவர் கண்ணை மூடியதும் அவருடைய பிள்ளைகள் எங்களைச் சட்டி பானையோடு தெரு ஒழுங்கையில் இறக்கிவிட்டார்கள். அந்த வெட்கம் இன்றைக்கும் சுடுகிறது.

ஆகவே எங்கள் உறுதியை எழுதிய நொத்தாரிசு அப்புத்துரை அதைக் கையில் தந்ததும் முதலில் முத்திரைகளைத்தான் தேடினேன். மூலையில் ஒரேயொரு சின்ன முத்திரை!

"என்ர காப்பு எங்கை, ஐயா?"

அவர் சிரித்தார். "பிள்ளை, மற்ற முத்திரையெல்லாம் இரண்டாம் பிரதியிலதான் ஒட்டுறது. அது பதிவுக் கந்தோருக்குப் போகும்."

"சிரியாதேங்கோ. நான் கண்ணால பாக்கவேணும்."

"இஞ்சரப்பா, மானத்தை வாங்காதை," என்று என் புருஷன் தில்லைநாதன் காதுக்குள் கெஞ்சினார்.

விடுவேனா? புது வீட்டில் சட்டி பானையைச் சாக்கிலிருந்து அவிழ்க்கவே எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் புருஷனை இழுத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். பதிவுக் கந்தோரில் அந்தப் பிரதியை எடுத்துப் பார்ப்பதற்கும் கூலி கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கட்டினேன்.

கிளாக்கர் இரும்புக் கதவைத் திறந்தார். அம்மாடி! நிலத்திலிருந்து கூரைவரைக்கும் உறுதிகள். ஊர் ஊராக எல்லா வீடுகளும் அங்கே வந்து குந்தியிருந்தன. அவர் ஒரு கட்டை அவிழ்த்து எங்களுடையதை விரித்தார். தாள் நிறைய முத்திரை, வரிசை வரிசையாக. பிறகு வாசித்தார்: கல்வீடு, கிணறு, பலா, நாலு பக்க எல்லை, "தில்லைநாதன் மனைவி நாகேஸ்வரி". எங்கள் கிணறுகூட அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது!

"உங்கட கையில இருக்கிறதைக் கறையான் அரிச்சாலும் இது இஞ்சை இருக்கும், அம்மா."

"ஆரும் வந்து வீட்டைவிட்டு எழும்பச் சொன்னா?"

"ஒருத்தராலும் எழுப்பேலாது."

செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கிளாக்கர் திகைத்துப்போய் நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் இவருக்குப் பகிடி. "என்ன, காப்பைப் பாத்திட்டியே?"

"ஓம், பாத்திட்டன். கெதியா வாங்கோ. போய்ச் சட்டி பானையை அவிழ்க்கவேணும்."