பின்னால் வரும் காலடி

படத்தை அனுப்ப ஒரு மணி நேரமே இருந்தது. கொலைகாரன் பின்னாலிருந்து நெருங்கும் காட்சியில் ஏசி இரைச்சல். அக்காவைக் கட்டிய மச்சான்தான் இயக்குநர். அவர் உயிரை எடுத்ததால், பார்ப்பவரைச் சுற்றி வைக்கும் ஐந்து ஸ்பீக்கர்களுக்கான ஒலியையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து தொலைத்தேன். இரைச்சல் ஒழிந்தது, ஆனால் காலடி முன்னும் பின்னும் தாவியது.

"என்னடா, கொலைகாரன் தவளையா?" என்று கத்தினார்.

பழைய பதிவையே எடுத்து, ஐந்திலும் இரைச்சல் ஒரே அளவில், ஒரே நொடியில் குறையும்படி கட்டிப்போட்டேன். கொஞ்சம் மிஞ்சத்தான் செய்தது.

"இன்னும் இரைச்சல் கேக்குதே!"

"வாயை மூடிட்டுக் கேளுங்க மச்சான்."

இம்முறை காலடி தாவாமல் பின்னாலிருந்தே நெருங்கியது. மச்சான் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

"இப்ப இரைச்சல் கேக்குதா?" என்றேன்.

"அதை விடுடா. முதல்ல கதவைப் பூட்டு."