வெளியே வைத்த சோறு

எண்ணெய் மேலே நிற்கிறது, ஒரு விரல் உயரத்துக்கு, அதன் அடியில் கறுத்துச் சுண்டிய புளிக்காய்ச்சல், அடுக்களை ஜன்னல் வழியாக வரும் காலை வெயில் பாட்டிலின் மேல்பகுதியில் மட்டும் நுழைந்து தேன் நிறத்தில் நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே போக வழியில்லை, எண்ணெயில் ஒரே ஒரு கறிவேப்பிலை ஒதுங்கிக் கிடக்கிறது, எண்ணெய் மேல நிக்கோணுங்க, நின்னாத்தான் கெடாது என்று சொல்லிக்கொண்டே கோகிலா மூடியைத் திருகுகிறாள், திருகும் கையில் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரி இன்னும் பிரியாமல் இருக்கிறது, அண்ணா, நகருங்க, வரிசை போகுது என்று யாரோ முதுகைத் தொட, சென்னியப்பன் ஓரடி எடுத்து வைத்தான். அடுக்களையும் இல்லை, கோகிலாவும் இல்லை. கோயமுத்தூருக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஊர்ப்பட்ட ஜனம் காசு கொடுத்துக் கத்திவிட்டுப் போகும் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவின் சாப்பாட்டுக் கூடத்தில், ஈர நிஜாரோடு நின்றுகொண்டிருக்கிறான், ஒரு பக்கம் மகள் கனிஷ்கா, இந்த வருஷம் ஏழாம் வகுப்பு, இன்னொரு பக்கம் மகன் தரணீஷ், அவள் தோளுக்குக் கொஞ்சம் கீழே, தலைக்கு மேலே விலைப்பலகை.

அந்தப் பலகையில் பதார்த்தங்களின் பெயர்கள் மட்டும்தான் அச்சடித்தவை, விலைகள் எல்லாம் ஒட்டியவை, ஒட்டியதன் மேல் ஒட்டி, அதன் மேலும் ஒட்டி, ஒவ்வொரு எண்ணும் கொசு கடித்த மாதிரி தடித்துப்போய் இருந்தது, பெயரை மாற்ற அவர்களுக்கு அவசியம் வரவில்லை, தோசை தோசைதான், விலைக்குத்தான் நிற்க நேரமில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பலகைக்கு முன்னால் கோகிலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள், ஏனுங்க, இந்த வெலைக்கு நாம தோசையத் திங்கறதா, தோசை நம்மளத் திங்குதா என்று கேட்டாள், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள் சிரித்தே விட்டாள், சென்னியப்பனுக்கு மானம் போகிறது, மெதுவாப் பேசு கோகிலா என்கிறான், அவள் எங்கே மெதுவாகப் பேசினாள், சத்தம் குறைந்ததே கடைசி மாதத்தில்தான். அன்றைக்குச் சோற்றை உள்ளே கொண்டுவந்ததும் அவள் கெட்டிக்காரத்தனம்தான், வாசலில் பையைத் துழாவிய காவலாளியின் கையில் தரணீஷின் ஜட்டிகளாகச் சிக்கின, துவைத்ததும் துவைக்காததுமாக, அந்த ஆள் முகத்தைச் சுளித்துக் கையை எடுத்துக்கொண்டான், அதற்கடியில் வாழையிலையில் கட்டிய புளிச்சோறு நாலு பொட்டலம். அலை அடிக்கும் குளத்துக்குப் பின்னால், மோட்டார் அறைச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து தின்றார்கள், கோகிலா ஒரு கண்ணை வழியில் வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிக் கொடுத்தாள், யாராச்சும் வந்தா எந்திரிச்சு ஓடோணும், இலையப் போட்டுட்டு ஓடுங்க, சோத்த உட்டுட்டு ஓடீராதீங்க என்றாள், சிரித்துச் சிரித்துக் கனிஷ்காவுக்குப் புரையேறியது, அப்படி ஒரு சாப்பாட்டைச் சென்னியப்பன் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை.

தரணீஷ் மட்டும் அன்று அழுதுகொண்டே வீடு வந்தான். அந்தரத்தில் தொட்டிலை வீசி எறிவது மாதிரி ஒரு ஆட்டம், அதற்குப் பக்கத்தில் மரத்தில் செய்த ஒட்டகச்சிவிங்கி, அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை ஏற்றுவதில்லை, அவன் அப்போது அதன் மார்புக்குத்தான் இருந்தான். நீ கோட்டத் தாண்டுனதும் மறுக்கா வருவோஞ் சாமி, அம்மா புளிச்சோறு கட்டிக்கிட்டு வாரேன் என்று கோகிலா சொன்னாள், அந்தக் கழுத்து உயரத்தைத் தன் புடவை முந்தானையால் அளந்து வந்து வீட்டுக் கதவு நிலையில் கரியால் கோடு போட்டாள், மாதம் ஒருமுறை அவனை நிறுத்திப் பார்த்தாள், கட்டிலில் விழுந்த பிறகு படுத்தபடியே பார்த்தாள், இன்னும் நாலு விரக்கடை, இன்னும் மூணு. வயிற்றில் கட்டி என்றார்கள், பெருந்துறைக்கும் கோயமுத்தூருக்குமாக அலைந்தார்கள், நடுவில் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டனா புள்ளைங்களுக்கு யாரு ஆக்கிப் போடறது, கெடாத மாதிரி ஒண்ணு செஞ்சு வெக்கறேன் என்று ஒரு மூட்டை என்று சொல்லும்படி அத்தனை புளியை ஊறவைத்தாள், செக்கு நல்லெண்ணெயைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றினாள், நடுநடுவே ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிளறினாள், சென்னியப்பன் கரண்டியைக் கேட்டான், போங்க, உங்க கை பட்டா அடிபுடிக்கும் என்றாள். கோகிலா போய்விட்டாள், அவள் கிளறியது பாட்டிலில் இருந்தது.

முதலில் தெரியாமல் செலவழித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் பிசைந்து கொடுத்தான், மில்லுக்கு அவனும் அதைத்தான் கொண்டுபோனான், பாட்டில் பாதியானபோதுதான் சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது, இது தீர்ந்தால் தீர்ந்ததுதான், கடையில் கிடைக்கிற சாமானா, அப்புறம் அவன் தொடவே இல்லை, மேல் அலமாரியில் ஏற்றிவைத்தான். ஆனாலும் ஒருநாள் எண்ணெய்க்கு அடியில் ஒரு குழி, சின்ன விரல் குழி, மறுவாரம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, ஸ்டூல் நகர்ந்திருந்தது, கனிஷ்கா பாடம் படித்துக்கொண்டிருந்தாள், வாயை மூடிக்கொண்டு படித்தாள், அவன் ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான், எண்ணெய் அந்தக் குழியை நிரப்பிக்கொண்டு மேலே நின்றது. போன வாரம் தரணீஷின் உச்சந்தலை கரிக்கோட்டைத் தாண்டியது.

அதனால்தான் இன்று விடிவதற்கு முன் எழுந்து அத்தனையையும் வழித்துப் போட்டுப் பிசைந்தான், அவள் கட்டிக்கிட்டு வாரேன் என்று சொன்ன சோறு, உள்ளே விற்கிற விலைக்கு மூன்று பேர் ஒருவேளை சாப்பிட்டால் ஒரு மாத அரிசிக்காசு போய்விடும் என்று இங்கே போய்வந்த மில்லுக்காரர்கள் சொன்னதும் ஒரு காரணம், இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கோகிலா சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு, காற்றாடிக்கு அடியில் ஆவி அடங்கும்வரை ஆறவிட்டுத்தான் பிசைவாள், அவனும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், பஸ்ஸுக்கு நேரமாகிறதே, சுடச்சுடப் பிசைந்து தூக்குப்போசியில் அமுக்கி மூடியைப் போட்டு இறுக்கினான், பாத்திரமெல்லாம் தேய்த்து, மேடையைத் துடைத்து, அடுக்களையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் பிள்ளைகளை எழுப்பினான், பெண்டாட்டி இல்லாத வீடு என்று யாரும் மூக்கைப் பிடிக்கக் கூடாது, அதில் அவனுக்கு ஒரு வீம்பு.

வாசலில் இப்போது கையால் துழாவுவதில்லை, பெட்டிக்குள் பையை அனுப்பினால் திரையில் எலும்பு வரைக்கும் தெரிகிறது. சீருடை போட்ட பெண் போசியை வெளியே எடுத்து வைத்தாள், வெளிச்சாப்பாடு உள்ள விடறதில்லீங்கண்ணா, கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டுந்தான் என்றாள். புள்ளைங்களுக்கு அவங்கம்மா பண்ணுனதுங்க என்றான் சென்னியப்பன். அவள் கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்தபடிதான் சொன்னாள், இங்க இருக்கறது எல்லாமே அவங்கவங்க அம்மா பண்ணுனதுதாங்கண்ணா. பின்னால் இரும்பு அடுக்கில் தூக்குகளும் டப்பாக்களும் வரிசையாக இருந்தன, நூல் கட்டிய எண் வில்லைகள் கழுத்தில் தொங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் விட்டிருக்கக்கூடும், அந்த வார்த்தையைப் பிள்ளைகள் முன்னால் அவன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, தரணீஷ் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். வெளிய வந்து சாப்பிட்டுக்கலாங்ளா என்று கேட்டான். சாப்பிடலாங்கண்ணா, ஆனா மறுக்கா உள்ள வர முடியாதுங்க. தரணீஷின் ஆட்டம் பழுது, சாயங்காலம்தான் ஓடும் என்று எழுதிப் போட்டிருந்தது. போசியின் எண் போட்ட வில்லையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

உங்களுக்கு என்னங்க வேணும் என்று கல்லாவில் இருந்த பையன் கேட்கிறான். தரணீஷ் நூடுல்ஸ் என்றான், கனிஷ்கா பலகையைப் பார்த்தாள், அதில் புளியோதரை என்றும் ஒன்று இருந்தது, காகிதக் கிண்ணத்தில், மேலே ஒரு அப்பளம் செருகி, அதன் விலையும் தடித்துத்தான் இருந்தது, சென்னியப்பன் அதைக் காட்டி, வாங்கட்டுமா கண்ணு என்றான். எனக்கு வேண்டாம்ப்பா, அம்மாவோடதுதான் வெளிய இருக்குதில்ல, நான் சாயங்காலம் சாப்பிட்டுக்கறேன் என்றாள். பசிக்குமல்ல. பசிக்கல. அவளுக்குப் பசித்தது, உதடு வெளுத்திருந்தது, அவனுக்கும் வயிறு கிள்ளியது, அப்ப நானும் உங்கூடயே சாப்பிட்டுக்கறேன் என்றான், ஒரு நூடுல்ஸுக்கு மட்டும் நோட்டை நீட்டினான், இரண்டு பேரும் உட்கார்ந்து தரணீஷ் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கனிஷ்கா எட்டி அவன் சட்டைப்பையில் கை விட்டு வில்லை இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் தரணீஷ் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு ஒட்டி நின்றான், கோட்டுக்கு மேலே அவன் தலைமயிர் தெரிந்தது, ஏற்றிக்கொண்டார்கள். தொட்டில் மேலே போனது, உச்சியில் ஒரு கணம் நின்று கவிழ்ந்தது, எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்று கத்தினார்கள், அப்படித்தானே எல்லாரும் கத்துவார்கள், தரணீஷும் கத்தினான், மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கீழேயிருந்து கை ஆட்டினார்கள், சென்னியப்பன் கையைத் தூக்கினான், தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றான், அழுகை வந்தது, நல்லவேளை முகத்தில் ஏற்கெனவே குளத்துத் தண்ணீர்.

இரும்பு அடுக்கின் மேல் வெயில் மதியமெல்லாம் விழுந்திருக்க வேண்டும், போசி கை வைக்க முடியாமல் கொதித்தது. பஸ் நிறுத்தத்துப் புங்கமரத்தடியில் கனிஷ்காதான் ஆசையாக மூடியைத் திறந்தாள், திறந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது, பிறகுதான் வாடை வந்தது, நூல் விட்டிருந்தது, மூடிக்கடியில் வியர்த்துச் சொட்டியது. புளிச்சோறு கெடாது, மூன்று நாள் கோயில் குளம் என்று சுற்றினாலும் கெடாது, அதைக் கெடுக்க ஒரு தனித் திறமை வேண்டும், அது தன்னிடம் இருந்திருக்கிறது என்று சென்னியப்பன் நினைத்தான், ஆறவிட்டிருந்தால், தாம்பாளத்தில் கொட்டி ஒரு கால்மணி நேரம் ஆறவிட்டிருந்தால். கனிஷ்கா ஒரு பிடி எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டான், வேண்டாங் கண்ணு, வயித்துக்கு ஆகாது. இது அம்மாவோடதுப்பா என்றாள். தெரியுங் கண்ணு. அவள் கையைத் திறக்கவே இல்லை, அவன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான், மரத்தடியில் கொட்டினான், ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

பஸ் அவிநாசி தாண்டியது, தரணீஷ் மடியில் தூங்கினான். பரவால்லப்பா என்று கனிஷ்காதான் அவனைத் தேற்றினாள், பாட்டில்ல ஓரத்துல ஒட்டீட்டிருக்குமல்ல, ஊட்டுக்குப் போய் சுடுசோத்த உள்ள போட்டுக் குலுக்குனா வந்துரும், அம்மா அப்படித்தான் பண்ணும், அந்தக் கடைசிச் சோறுதான் ருசியா இருக்கும், உங்களுக்கும் ஒரு உருண்டை தாரேன். அவன் தலையாட்டினான். ஆமாம், கோகிலா அப்படித்தான் செய்வாள், தீர்ந்த பாத்திரத்தில் சோற்றைப் போட்டுப் புரட்டுவாள், ஆளுக்கு ஒரு உருண்டை, கடைசி உருண்டைக்குச் சண்டை வரும். ஜன்னலோரம் காற்று அடித்தது, மில் விளக்குகள் ஓடின, காலையில் பாட்டிலை வழித்தான், வழித்துவிட்டு எங்கே வைத்தான், மேடையில், மேடையைத் துடைத்தான், துடைக்கும்போது அங்கே இருந்ததா, தொட்டியில் பாத்திரங்களோடு, இல்லை, சோப்பு நுரையும் எலுமிச்சை வாசமும் கைக்கு இப்போதும் தெரிந்தன, பாட்டிலுக்குள் கை போகாமல் நாரை மடித்துக் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தித் தேய்த்த கை, கடவுளே, அது வேறு பாட்டிலாக இருக்கட்டும் என்று பெருந்துறை வரும்வரை வேண்டிக்கொண்டே வந்தான்.

அவன் தரணீஷைக் கட்டிலில் கிடத்திவிட்டு வருவதற்குள் கனிஷ்கா உலை வைத்துவிட்டு அடுக்களை நடுவில் நின்றாள். தொட்டியின் ஓரத்தில் துணி விரித்துப் பாட்டில் கவிழ்த்திருந்தது, பக்கத்தில் மூடி, அதையும் தேய்த்திருந்தான். அவள் எடுத்து நிமிர்த்தினாள், விளக்குக்கு நேராகப் பிடித்தாள், வெளிச்சம் மேலிருந்து அடிவரை தடையில்லாமல் போயிற்று, அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது. கழுவிட்டீங்களாப்பா என்று கேட்டாள், கோபமாகக் கேட்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள் பாட்டிலுக்குள் மூக்கை வைத்தாள், நெடுநேரம் வைத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் வாசம் வருதுப்பா, பாருங்க என்று அவனிடம் நீட்டினாள். சென்னியப்பன் வாங்கி மூக்கருகே கொண்டுபோனான், சோப்பின் எலுமிச்சை வாசம்தான் வந்தது, ஆமாங் கண்ணு, வருது என்றான். சோறு கொதித்துப் பொங்க ஆரம்பித்தது, கனிஷ்கா போய் அடுப்பைக் குறைத்தாள்.