உறுமுகிற சுரம்

என் கணவர் இயந்திரவியல் பேராசிரியர். ஆடுகிற எதையும் ஆடாமல் நிறுத்துவதுதான் அவர் படித்த படிப்பு. பம்பு அதிர்கிறது, மோட்டார் நடுங்குகிறது என்று தொழிற்சாலைகளிலிருந்து அவரைத்தான் தேடி வருவார்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் மட்டும் துணி பிழியும்போது குளியலறை வாசல்வரை நடந்து வரும். அதைக் கவனிக்க ஐயாவுக்கு நேரம் வாய்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் ஐம்பது தாண்டியபின் செல்லோ கற்றுக்கொள்ளக் கிளம்பினார். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் அது.

"இத்தனை வருஷமா அதிர்வ அடக்கியே பொழப்பு ஓடிடுச்சு. இனிமே அதோட கொஞ்சிக் குலாவறேன்" என்றார்.

"என்கிட்டயே குலாவினதில்ல, அதுகிட்டயா" என்றேன். கேட்டால்தானே.

வாசிப்பு தேறிவிட்டது. ஒரே ஒரு சுரம் மட்டும் மக்கர் பண்ணியது. அந்த இடத்தில் கம்பியும் மரப்பெட்டியும் ஒரே வேகத்தில் அதிரப்போய், ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, ஓசை திக்கித் திக்கி உறுமும். கல்லூரிப் பட்டறையில் தன் கையாலேயே சின்னப் பித்தளைக் குழாய் ஒன்றைக் கடைந்து கம்பியில் மாட்டினார். உறுமல் அடங்கியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே முகம் தொங்கிப்போகும். "பின் பெஞ்சு பூரா தூங்குது. செவுத்துக்குப் பாடம் எடுக்க நான் எதுக்கு? இந்த வருஷத்தோட விட்டுடறேன்" என்பார். துறைத்தலைவரிடமும் சொல்லிவிட்டார். வகுப்பில்லாத அந்த மனிதரை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

இசைப்பள்ளி நிகழ்ச்சியன்று காலை, குழாயைக் கழற்றி வகுப்புக்கு எடுத்துப்போயிருக்கிறார். சாயங்காலம் மேடையேறுவதைச் சொல்லி, செல்லோ ஏன் உறுமுகிறது என்று விளக்கி, வாயாலேயே உறுமியும் காட்டியிருக்கிறார். "ஒருத்தனும் சிரிக்கக்கூட இல்ல" என்று மதியம் என்னிடம் புலம்பினார். குழாயைக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னவர் திரும்ப வாங்க மறந்துவிட்டார். மேடையில் உட்கார்ந்து கம்பியைத் தொட்டபோதுதான் அது உறைத்தது. முதல் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, குழாய் இல்லாத கம்பியைச் சுட்டிக் காட்டினார். அவர் வாசிக்கவிருந்த இசை முடிவதே அந்தச் சுரத்தில்தான்.

நன்றாகவே வாசித்தார். கடைசிச் சுரம் வந்தது. உர்ர்ர், உர்ர்ர் என்று செல்லோ உறுமியது. அரங்கில் பலர் நெளிந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து படபடவென்று கைதட்டல். திரும்பினால், குழாயைக் கொடுக்க வந்து நேரமாகிப்போன அவர் வகுப்பு மொத்தமும் கடைசி வரிசையில் எழுந்து நிற்கிறது. ஒரு பெண் குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், நீங்க காட்டின மாதிரியே உறுமுது."

அவர் வில்லை இறக்கினார். "ஏன்?" என்று மேடையிலிருந்தே கேட்டார். எங்கே போனாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

"கம்பியும் பெட்டியும் ஒரே வேகத்துல அதிருது சார்" என்றது கடைசி வரிசை, ஒரே குரலில்.

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். வேண்டுமென்றே அந்தச் சுரத்தை மறுபடி இழுத்தார், முன்னைவிடச் சத்தமாக. நெளிந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன், "குழாய வாங்கலியா?"

"பின் பெஞ்சுலயே இருக்கட்டும்" என்றார். "அடுத்த வருஷப் பசங்களுக்கும் காட்டணும்ல."