சந்தனக் கோடு

இசக்கிமுத்துவுக்குத் தன் லாரி என்றால் உயிர். அது மட்டாஞ்சேரி இஞ்சிக் கிட்டங்கி முதலாளியின் லாரிதான். ஆனாலும் வேறொருவன் தொட்டால் இவன் முகம் கோணிவிடும். எழுபத்தெட்டாம் வருஷ ஆயுத பூஜைக்கு எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, முன்னும் பின்னும் சிவப்புப் பெயின்டை அப்பு அப்பென்று அப்பி, பளபளவென்று மாட்டினான். அவன் மனைவி வீரலட்சுமி சந்தனம் குழைத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத் தகடு வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள். பொட்டு போதாதா என்றவர்களிடம், சாமி காரியத்தில் கஞ்சத்தனம் ஆகாது என்றாள்.

விஜயதசமியன்று எலுமிச்சம்பழம் நசுக்கி லாரி கிளம்பியது. படகுத்துறைக்கு இரண்டு நடை போய் வந்தாயிற்று. மூன்றாவது நடை, பாலம் தாண்டித் தேவராவுக்கு. இஞ்சி தரம் பிரிக்க வீரலட்சுமியும் ஆறு பெண்களும் மூட்டை மேல் ஏறிக்கொண்டார்கள். தோப்பும்படி பாலத்துக்கு இந்தப் பக்கம் சாயாவுக்கு நிறுத்தினான்.

சாயா குடித்துவிட்டு ஏறப்போன வீரலட்சுமி பின்சக்கரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். ஆறு கோடுகள் நடுவில் முறிந்திருந்தன. நட்டில் பாதி ஒரு பக்கம், தகட்டில் பாதி ஒரு பக்கம். சந்தனமா நகரும்? நட்டுதான் சுற்றியிருக்கிறது.

"ஏங்க, நட்டெல்லாம் லூசாயிருக்கு."

"ஸ்பானர்ல பைப்பு சொருகி, ஏறி மிதிச்சு முறுக்கினதாக்கும். பூஜை கழிஞ்ச மொத நாளே வண்டிய மறிக்காதட்டி. ஏறு!"

அவன் கோபம் ஊரறிந்தது. பேசாமல் ஏறிவிட்டால் வீட்டில் நிம்மதி. ஆனால் மேலே ஆறு பெண்கள், எதிரே பாலம், கீழே காயல். வீரலட்சுமி லாரிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்பானர் போட்டுப் பாருங்க. அசையலேன்னா ஒரு மாசம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"சேட்டா, இதுபோல யோகம் இனி கிட்டாது, பார்த்துக்கோ!" என்றாள் மேலிருந்து சீனியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முணுமுணுத்துக்கொண்டே ஸ்பானரை மாட்டினான். பைப்பு தேவைப்படவில்லை, ஒற்றைக் கைக்கே நட்டு சுற்றியது. அடுத்ததும் அப்படியே. ஒன்றைக் கழற்றிப் பார்த்தான். அடியில் பெயின்ட் பொடிந்து உதிர்ந்திருந்தது.

"பெயின்ட் மேலேயே முறுக்கிட்டேன். அது பொடிஞ்சு எடம் விட்டிருக்கு. எம்மேலதான் தப்பு," என்றான், எல்லார் காதிலும் விழும்படி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் கேட்டதேயில்லை.

பெண்கள் மூட்டைகளை இறக்கினார்கள். அவன் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துக் கழற்றி, தகடும் நட்டும் பதியும் இடமெல்லாம் இரும்பு தெரியச் சுரண்டினான். போல்டுகளைத் தடவிப் பார்த்தான், ஒன்றும் அடிபடவில்லை. பிறகு வரிசையாக அல்ல, எதிரெதிர் நட்டாகப் பார்த்து முறுக்கினான். பொழுது சாய்ந்துவிட்டது. சந்தனம் கைவசம் இல்லை; சீனியம்மாளின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை அவனே வாங்கி வந்து நீட்டினான்.

"கோடு போடு."

மூட்டைகளை மறுபடி ஏற்றிக் கிளம்பினார்கள். பாலம் தாண்டியதும் யாரும் சொல்லாமலே லாரியை ஓரங்கட்டினான். ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான். ஒரு கோடும் முறியவில்லை. ஆனாலும் அவன் ஏறவில்லை.

"எறங்கி வந்து பாருட்டி," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். "நீ சொன்னாத்தான் வண்டி எடுப்பேன்."