பின்கதவு இல்லாத வீடு

எங்கள் போர்த்லோவாவில் மே மாதத் திருவிழா ஆட்டம் தெருவோடு நிற்காது. வீடுகளுக்குள்ளும் போகும். முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேற வேண்டும். வந்த வழியே திரும்பக் கூடாது. தேவாலய வாசலில் எடுத்த மெட்டு துறைமுகம் சேரும்வரை அறுபடவும் கூடாது. கார்ன்வாலில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கடைசி வீடு, டென்ஸில் ட்ரெவாஸ்கிஸ் பிறந்த வீடு. எங்கள் வாத்தியக் குழுவின் பெரிய டிரம் அவர்தான். வாடகை ஏறியதும் அவர் குடும்பம் மேட்டுத் தெருவுக்குப் போனது. லண்டனிலிருந்து வந்த ஜூலியன் அந்த வீட்டை வாங்கி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். போன வருடம் சீரமைப்பு என்று பூட்டி வைத்தார். மெட்டு வாசற்படியிலேயே அறுந்தது.

இந்த வருடம் ஜூலியன் பெரிய மனதோடு சம்மதித்தார். காரணம் அவருடைய விளம்பரத்தில் இருந்தது: டென்ஸிலின் டிரம், என் கிளாரினெட், கீழே 'ஆங்கிலேயக் கிராமத்தின் அசல் இசை'. கேட்காமல் படம் எடுத்ததைக்கூட விட்டுவிடுவேன். கார்ன்வால்காரர்கள் தனி இனம், தனி மொழி. எங்களை ஆங்கிலேயர் ஆக்கியதை எப்படி விடுவது?

"கெரென்ஸா, பல்லைக் கடிக்காத. அப்புறம் எதை வெச்சு ஊதுவ?" என்றார் டென்ஸில். "இன்னிக்கு என் வீட்டு வழியா துறைமுகத்துக்குப் போறோம். எனக்கு அது போதும்."

வாசித்துக்கொண்டே உள்ளே போனோம். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கம்பளம், வெள்ளை சோபா. பின்கதவு இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. திறக்க முடியாத கண்ணாடி. அதற்கு அப்பால் துறைமுகம், படம் மாட்டியதுபோல.

டென்ஸிலின் கை நிற்கவில்லை. கதவு எங்கே என்று கேட்டார்.

"அது வியூவை மறைச்சுது," என்றார் ஜூலியன், போனில் எங்களைப் படம் பிடித்தபடி. "வந்த வழியே போயிடுங்களேன். வீடியோவுக்கு இது போதும்."

யாரும் திரும்பவில்லை. பின்னால் ஊரே ஜோடி ஜோடியாக ஆடி வந்து கூடத்தில் நெருக்கியது. மீனவர்களின் பூட்ஸ் வெள்ளைக் கம்பளத்தில் தாளம் போட்டன. ஜூலியன் கத்தியது டிரம்முக்குள் அமுங்கிப்போனது. கசாப்புக் கடைக்காரி டாம்ஸின், சமையலறை ஜன்னலைத் திறந்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் ஏறி வெளியே குதித்தாள். அவ்வளவுதான், ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினோம். வெளியே போனவர் மெட்டைப் பிடித்துக்கொண்ட பிறகே உள்ளே இருந்தவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார்.

டிரம் மட்டும் ஜன்னலைவிட அகலம்.

எங்களைப் போகச் சொல்லித் தலையசைத்துவிட்டு, டென்ஸில் வெள்ளை சோபாவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் துறைமுகத்தை அடைந்தும் எங்களால் மெட்டை முடிக்க முடியவில்லை. டிரம் இன்னும் வந்து சேரவில்லையே.

கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் போய்விட்டார்களே, நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று ஜூலியன் கேட்பது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"பின்கதவு வெச்சதும் கிளம்பறேன், அழகு ராசா. தச்சன் ஜாகோ வெளியிலதான் டிரம்பெட் ஊதிக்கிட்டிருக்கான். கூப்பிடட்டுமா?"

ஜாகோ டிரம்பெட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, உளி சுத்தியல் எடுத்துவர வீட்டுக்கு நடந்தார். நாங்கள் மெட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.