மனிதகுலமே ஒழிக

நார்வேயின் பெர்கன் நகரத்தில், அலறிப் பாடும் மெட்டல் இசைப் பாடகன் தோர்கெய்ரின் புது ஆல்பம் வெளியான மறுநாள், குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்யும் நாளாக வாய்த்தது. ஆல்பத்தின் பெயர் ‘மனிதகுலமே ஒழிக’. மனிதகுலத்தை வெறுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த வேலைக்கு வராமல் இருந்துவிட்டு, பிறகு மாடிப்படியில் யார் முகத்தில் விழிப்பது?

அட்டைப்படத்தில் பிணம்போல வெள்ளை பூசிக்கொண்டு முறைத்தவன், ஆரஞ்சுக் கையுறையோடு மழையில் இலை வாரினான். மேல்வீட்டு சூல்ஃப்ரிட், கைக்குழந்தைக்காரி, அவன் கையில் சூடான வாஃபிள் அப்பத்தைத் திணித்தாள்.

“பேப்பர்ல உன் போட்டோ பாத்தேன். ஏன்பா அப்படி வெளிறிப் போய்க் கிடக்கே? ஒழுங்கா சாப்பிடுறியா?”

“அது வேஷம்க்கா. பாட்டு கேட்டீங்களா?”

“தனியா வேற கேக்கணுமா? ஒரு வருஷமா நீ பாடிப் பழகுறதைத் தரை வழியா கேட்டு மனப்பாடமே ஆயிடுச்சு. அந்த ‘எலும்புக் கிணறு’ பாட்டு இருக்கே, அதை நீ பாடினாத்தான் எங்க குட்டி தூங்குறா.”

இந்த ஆண்டின் கொடூரமான குரல் என்று விமர்சகர் எழுதிய குரல் கெஞ்சியது.

“அக்கா, இதை வெளியில சொல்லிடாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்லணும்? இந்தக் குடியிருப்புல எல்லாக் குழந்தையும் அதுக்குத்தானே தூங்குது!”