வளையத்தில் இழுத்த பஞ்சு

சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் பெனடிக்டுக்கு உண்டு. பஞ்சு இல்லாத சனிக்கிழமை கிடையாது. மிஷன் பள்ளியொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அவர், சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குக் கோரிப்பாளையத்தில் சிக்கந்தரின் தூண்டில் கடைக்குப் போவார். சுவரில் சாய்த்திருக்கும் மீன்பிடி ராடுகளில் ஒன்றை எடுப்பார். நீளம் ஆறடியைத் தாண்டக் கூடாது. பிடி தக்கையாக இருக்க வேண்டும். சுட்டுவிரல்மேல் கிடத்தினால் தராசு முள்போல நிற்க வேண்டும். பிறகு நுனியைக் கூரையில் ஊன்றி மெல்ல வளைப்பார். கண்மாய் மீனுக்கான ராடு நுனியில் குழைந்து, இடுப்பில் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியாகப் பஞ்சை எடுத்து, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் ஆறிலும் ஒவ்வொன்றாக இழுப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓர் இழையாவது சிக்கும். சிக்கினால் ராடு சுவருக்குத் திரும்பிவிடும். சிக்காவிட்டாலும் பெரும்பாலும் சுவருக்குத்தான் திரும்பும்.

அந்தப் பஞ்சைத்தான் இன்று அவர் மகன் ஜெய்சன் வீடெங்கும் தேடிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் போதும் சார். மூக்குக்குத்தான்," என்றான் சவப்பெட்டியோடு வந்திருந்த சங்கிலி. அவன் கொண்டுவந்த பையில் பஞ்சு தீர்ந்திருந்தது.

விடிகாலையில் பல் துலக்கப் போன பெனடிக்ட், குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வந்தபோது கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு மேல் வேலை இருக்கவில்லை. இப்போது கூடத்தில் வெள்ளைச் சட்டையும், விரல்களில் சுற்றிய ஜெபமாலையுமாகக் கிடந்தார். நான்கு மணிக்குக் கோயிலில் பூசை.

"மாமா ராடு வைக்கிற பீரோவுல இருக்கும்ங்க," என்றாள் ஜெய்சனின் மனைவி ஐரின். "அவருக்குத்தான் பஞ்சு இல்லாம ஓடாதே."

ஜெய்சன் அந்தப் பீரோவைத் தொட்டு இரண்டு வருடமாயிற்று.

திறந்தான். நீலத்தாளில் சுற்றிய பஞ்சு மேல்தட்டிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு சாத்தியிருக்கலாம். ஆனால் கீழே சாய்ந்திருந்த பழுப்புத் துணியுறையை அவனுக்குத் தெரியும். கை தானாக அதன் முடிச்சை அவிழ்த்தது.

உள்ளே இருந்தது முறிந்த ராடு. ஒன்பது மாதம் பார்த்துப் பார்த்து அப்பா தேர்ந்தெடுத்த ராடு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, காரிலிருந்து சாமான்களை இறக்கிவிட்டு ஜெய்சன் கதவை அறைந்து சாத்தியபோது, அதன் நுனிப்பாகம் இடையில் இருந்தது. 'நறுக்'கென்று ஒரு சிறு ஓசை. எடுத்துப் பார்த்தான், முறியவில்லை. நல்லவேளை என்று உறையில் போட்டு வைத்துவிட்டான். கார்பன் ராடு அடிபட்ட அன்று முறிவதில்லை, பாரம் ஏறுகிற அன்றுதான் முறியும் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அப்பா தம் நண்பர் அழகுமலையோடு சமயநல்லூர்க் கண்மாய்க்குப் போனார். அழகுமலை அந்த ஊர்க்காரர். நாலு தலைமுறை அடுத்தவர் வயலில் உழைத்த குடும்பத்தில், சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கிய முதல் ஆள். புது ராடை அவரிடம் நீட்டி, "நீ முதல்ல போடு" என்று சொன்னவர் அப்பாதான். சிக்கியது உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை. நுனி முறிந்து தண்ணீரில் விழுந்தது.

அன்று மாலை சிக்கந்தர் கடையில், எட்டுப் பேர் முன்னிலையில், பெனடிக்ட் சொன்னார்: "மம்பட்டி பிடிச்ச கையில இதைக் குடுத்தேன் பாரு, என் தப்பு. இனிமே என் வீட்டு வாசப் பக்கம் வராத."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போன அழகுமலை பிறகு வரவேயில்லை. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று ஜெய்சன் நினைத்தான். ஞாயிறுகள் வந்துகொண்டேதான் இருந்தன.

இப்போது அந்த முறிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தான். முறிந்த வாயை ஒட்டி, கதவு விளிம்பு நசுக்கிய இடம் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தட்டையாகிக் கிடந்தது. அந்தத் தட்டையைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டப்பட்டிருந்தது. பதிவேட்டில் பிழை கண்ட இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிடும் கை, ராடிலும் அதையே செய்திருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது ஒருநாள் அவர் சொன்ன கதை ஜெய்சனுக்கு நினைவு வந்தது. ஒரு பானை பரணிலிருந்து விழுந்ததாம். உடையவில்லை என்று சந்தோஷப்பட்டு, வாயை மூடிக்கொண்டு மற்றப் பானைகளோடு உட்கார்ந்துகொண்டதாம். அடுப்பேறிய அன்று விரிசல் விட்டு உலையெல்லாம் கொட்ட, அடி அகப்பைக்காரிக்கு விழுந்ததாம். கதையை முடித்துவிட்டு அப்பா வெகுநேரம் அவன் தட்டையே பார்த்தார். பேத்திக்குச் சொல்லும் கதையை நமக்கும் சொல்கிறார் என்று எண்ணி, அவன் மோர் கேட்டான்.

பழுப்புறைக்குப் பின்னால் இன்னோர் உறை இருந்தது. புதியது.

"சார், பஞ்சு," என்றான் சங்கிலி, கூடத்திலிருந்து.

பஞ்சைக் கொண்டுபோய்க் கொடுத்தான். சங்கிலி இரண்டு சிறு உருண்டைகள் உருட்டினான். மிச்சத்தை ஜெய்சன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உருண்டைகள் உள்ளே போவதை நின்று பார்த்தான்.

வெளியே பந்தலில் சிக்கந்தரும் கடைக்கு வரும் தூண்டில்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இருபது ராடை எடுத்துப் பார்த்துட்டு, 'டீ சொல்லுங்க பாய்'ம்பாரு," என்று சிக்கந்தர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அம்புட்டுதான் யாவாரம். போன மாசம் அதிசயமா ஒண்ணு வாங்கினாரு. நரம்பு சுத்துற ரீலோட கைப்பிடியை மட்டும் வலப்பக்கமா மாத்தி மாட்டச் சொன்னாரு. இது பீச்சாங்கைக்காரன் பிடிக்கிறதாச்சே, யாருக்குண்ணேன்னு கேட்டேன். சிரிச்சாரு."

ஜெய்சனின் காதில் அது விழுந்தது. அவனுக்குத் தெரிந்து அப்பாவோடு மீன் பிடித்தவர்களில் இடக்கைக்காரர் ஒருவர்தான்.

அம்மா விக்டோரியா அவன் முழங்கையைத் தொட்டாள். "அழகுமலை எதிர்த்தாப்புல நிக்கிறாரு. காலையில இருந்து நிக்கிறாரு. நான் கூப்பிட்டுட்டேன், வர மாட்டேங்கிறாரு. நீ போய்க் கூப்பிடு."

சந்தின் மறுபுறம், மின்கம்பத்தருகே அழகுமலை நின்றிருந்தார். தோள்துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"உள்ள வாங்க மாமா."

"வேணாம் தம்பி. வரக்கூடாதுன்னு சொன்ன வீடு. இங்கனயே நின்னு கும்பிட்டுப் போறேன்."

முன்பெல்லாம் அவர் வாய் நிறைய 'மாப்ள' என்றுதான் அழைப்பார். ஜெய்சன் திரும்பி நடந்தான். சங்கிலி பெட்டியின் மூடியைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். "ஒரு நிமிசம் பொறு," என்று சொல்லிவிட்டு, ஜெய்சன் பீரோவிலிருந்து இரண்டு உறைகளையும் எடுத்து வந்து சந்தின் நடுவில் நின்றான்.

"பாய்," என்றான். மறுபடி ஆரம்பித்தான். "பாய், அன்னைக்கு உங்க கடையில அப்பா மாமாவைப் பேசினப்ப இருந்தவங்க எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த ராடு இவர் கையில முறியலை. முதல் நாளே நான் கார்க் கதவுல வச்சு நசுக்கிட்டேன். சொல்லாம உறையில போட்டுட்டேன். தப்பு என்னுது. ரெண்டு வருசமா வாயைத் தொறக்கலை."

கோயில் உபதேசியார் சொல்லும் ஜெபம் மட்டும் உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. சிக்கந்தர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார்.

பழுப்புறையை அவிழ்த்து ஜெய்சன் நீட்டிய முறிந்த ராடை அழகுமலை வாங்கி, சிவப்பு நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது யார் கட்டினது?"

பொய் சொல்ல அது நல்ல இடம். இறந்தவருக்கும் நல்லது, நிற்பவருக்கும் நல்லது. ஜெய்சன் ஒரு கணம் தரையைப் பார்த்தான்.

"அப்பா."

"அப்ப அவருக்குத் தெரியும்."

"தெரியும் மாமா. நானா வந்து சொல்லுவேன்னு இருந்திருக்காரு."

"நான் அவரா வருவாருன்னு இருந்தேன்," என்றார் அழகுமலை. "இந்தா இருக்கு சமயநல்லூரு. பஸ்ஸு அரைமணிக்கு ஒண்ணு."

முறிந்ததைத் திருப்பிக் கொடுத்தார். ஜெய்சன் புது உறையை நீட்டினான். அவர் அதை வாங்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஜெய்சனே முடிச்சை அவிழ்த்து ராடை உருவி, இரு பாகங்களையும் பொருத்தினான். ரீலின் கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. அழகுமலை அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பாவை முன்னால நீங்க தூக்கணும் மாமா. நான் பின்னால வாரேன்."

"சார், மூடணும். நேரமாகுது," என்று சங்கிலி வாசலில் வந்து நின்றான்.

அழகுமலை இடக்கையை நீட்டி ராடை வாங்கினார். சுட்டுவிரல்மேல் கிடத்தினார். அது அசையாமல் நின்றது.

"மாப்ள, பஞ்சு இருக்கா?"

ஜெய்சன் சட்டைப்பையிலிருந்த மிச்சத்தை எடுத்துக் கொடுத்தான். சந்து முழுவதும் பார்த்திருக்க, அவர் முதல் வளையத்தில் பஞ்சை நுழைத்து மெல்ல இழுத்தார். பிறகு அடுத்ததில். ஆறாவது வளையத்தைத் தாண்டியதும் பஞ்சை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓர் இழையும் பிரிந்திருக்கவில்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ராடை வாசல் நிலையில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனார்.